இறங்காமல் திறக்கும் படலை

(வேலியும் அயலும்: ஒரு செயல்முறைப் பாடம்)

மாலை ஆறரை மணி. நெல் மூட்டைகளை ஏற்றிய பெட்டியோடு கை உழவு இயந்திரம் வயலிலிருந்து ஏறி வருகிறது. காணி வாசலில் படலை மூடிக் கிடக்கிறது. ஓட்டி வந்தவர் இயந்திரத்தை நிறுத்தாமலே கியரை விலக்கிவிட்டு இறங்குகிறார். அல்லது மூட்டைமேல் இருக்கும் பத்து வயது மகனைப் பார்த்து, "குதிச்சுப் போய்த் திறடா" என்கிறார். படலை திறக்கிறது. வண்டி உள்ளே போகிறது. திரும்பி வந்து மூட வேண்டியவர் யார்? மழை தூறுகிறது, வீட்டு விளக்குத் தெரிகிறது, பசிக்கிறது. "பிறகு மூடுவோம்" என்ற சொல்லோடு அன்றைய வேலை முடிகிறது. விடியும்போது நம்முடைய மாடு அயலவரின் வெங்காயப் பாத்தியில் நிற்கிறது.

சொந்த ஊரில் பரம்பரையாக வாழ்கின்றவர்களுக்கு இது ஒரு நாள் சண்டை. இடம்பெயர்ந்து வந்து புதுக் காணியில் குடியிருக்கும் குடும்பத்துக்கு அப்படியல்ல. "வந்தவர்களுக்கு வேலி அடைக்கத் தெரியாது" என்ற பேச்சு ஒருமுறை எழுந்தால் அது பல போகங்களுக்கு நிற்கும். மாத்தளை மாவட்டத்தில் இத்தகைய குடும்பங்கள் பல உண்டு. 2017, 2018ஆம் ஆண்டுகளில் மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களில் நீர் தேக்கப்பட்டபோது பழைய ஊரையும் வயலையும் விட்டு எழுந்தவர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மண் சரிந்து, மலைச் சரிவிலிருந்து இறங்கியவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்பே கலவரங்களாலும் யுத்தத்தாலும் ஊர் மாறியவர்களும் இருக்கிறார்கள். காரணம் எதுவானாலும், புதிய இடத்தில் நமக்கும் அயலவருக்கும் நடுவில் முதலில் நிற்பது வேலி. அந்த வேலியில் மிகவும் பலவீனமான இடம் படலை. வாகனத்தை விட்டு இறங்காமலே திறந்து மூடக்கூடிய படலை ஒன்றை எப்படி அமைப்பது என்பதை இந்தப் பாடத்தில் ஆராய்வோம்.

1. படலை ஏன் திறந்து கிடக்கிறது?

ஒரு குடியேற்றத்தில் இந்தக் கேள்வியை நாங்கள் கூட்டத்தில் கேட்டபோது இரு பக்கமும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டியது. பழைய ஊரார் புதியவர்களைச் சொன்னார்கள். புதியவர்கள், "நாங்கள் மூடிவிட்டுப் போவதை நீங்கள்தான் திறந்து போடுகிறீர்கள்" என்றார்கள். பேசித் தீராது என்று கண்டு, இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வோர் இளைஞரைக் கொப்பியும் பேனையுமாக ஒரு நாள் முழுதும் படலையடியில் இருக்கச் சொன்னோம். யார் வந்தார், எதில் வந்தார், மூடினாரா இல்லையா என்று மட்டும் எழுதும்படி கேட்டோம். பெயர் எழுதவேண்டாம் என்றோம்.

மாலையில் கணக்கைப் பார்த்தபோது ஊர் வித்தியாசம் மறைந்து போயிற்று. வெறுங்கையாக நடந்து வந்தவர்களில் அநேகர் மூடியிருந்தார்கள். பாரத்தோடு வீடு திரும்பியவர்கள், மோட்டார் சைக்கிளில் பிள்ளையை முன்னால் வைத்து வந்தவர்கள், இருட்டிய பின் வந்தவர்கள் ஆகியோரே மூடாமல் போனார்கள். அவர்களில் இரு பக்கத்தாரும் இருந்தார்கள். குற்றம் குணத்தில் இல்லை. ஒரு படலைக்கு இருமுறை இறங்கி இருமுறை ஏறவேண்டிய அமைப்பில் இருந்தது. களைத்த மனிதனின் ஞாபகத்தை நம்பி வேலி அடைக்க முடியாது. மூடுவது திறந்து விடுவதைவிட எளிதாக இருக்கவேண்டும். இதுவே இப்பாடத்தின் அடிப்படை.

இறங்குவதில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. கை உழவு இயந்திரம் சரிவில் பாரத்தோடு இயங்கிக்கொண்டு நிற்கும்போது ஓட்டுபவர் கையை விட்டால் அது தானே நகரலாம். முன்னால் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் ஒரு பிள்ளை. அடுத்தது இருட்டு. வஸ்கமுவ தேசியப் பூங்கா 1984இல் பிரகடனப்படுத்தப்பட்டது. அது மாத்தளை, பொலன்னறுவை மாவட்டங்களில் பரந்திருக்கிறது. அதன் ஓரத்திலுள்ள வில்கமுவ, லக்கல பகுதிகளில் இருளில் இறங்கி நின்று கொண்டி தேடுபவர், யானை பக்கத்தில் நிற்பதை அறியாமலே நிற்கலாம்.

2. பழையவர்கள் செய்தது

மாத்தளைக் கிராமங்களில் வயலுக்குப் போகும் வழியில் கடுல்ல என்னும் அமைப்பைக் காணலாம். இரண்டு தடித்த மரக் கால்களில் துளையிட்டு, மூன்று நான்கு தடிகளைக் குறுக்கே செருகி விடுவார்கள். வடக்கிலும் வன்னியிலும் கடப்பு என்று சொல்வதும் இதற்கு நெருங்கிய உறவுதான். செலவில்லாதது, மாட்டை மறிப்பது, உடைந்தால் ஒரு தடியை மட்டும் மாற்றலாம். மாட்டு வண்டி நாளுக்கு இருமுறை போன காலத்தில் இது போதுமாயிருந்தது. இன்று ஒரே வழியால் கை உழவு இயந்திரமும் முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் நாள் முழுதும் போகின்றன. ஒவ்வொரு முறையும் நான்கு தடிகளை உருவிச் செருக எவருக்கும் பொறுமை இராது. முதலில் கீழ்த் தடி போகும், பிறகு மற்றவையும் வேலியோரம் சாய்ந்து கிடக்கும்.

ஆனாலும் பழைய வழக்கில் ஒரு பெரிய பாடம் உண்டு. போகம் தொடங்குமுன் கூடும் கன்னக் கூட்டத்தில் தண்ணீர் விடும் நாளோடு வேலி அடைக்கும் நாளும், மாடுகளை வயலிலிருந்து அகற்றும் நாளும் தீர்மானிக்கப்படும். வேலி தனியொருவர் விஷயமாக இருக்கவில்லை. இதனை 7ஆம் பகுதியில் மீண்டும் எடுப்போம்.

3. பிற இடங்களில் கண்ட வழிகள்

குதிரை வண்டிக் காலத்திலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்கப் பண்ணையாளர் பலர் வண்டியிலிருந்தபடி கயிற்றை இழுத்துத் திறக்கும் படலைகளுக்குக் காப்புரிமை பெற்றார்கள். பிற்காலத்தில் வேறு வழிகளும் வந்தன. நமக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம்.

முட்டித் திறக்கும் படலை: டெக்சாஸ் மாநிலப் பண்ணைகளில் உண்டு. வாகனத்தின் முன் பம்பரால் மெதுவாகத் தள்ளினால் படலை சுழன்று திறந்து, வாகனம் போனபின் தன் பாரத்தாலேயே திரும்பி மூடும். லொறிக்கும் ஜீப்புக்கும் ஏற்றது. பம்பர் இல்லாத கை உழவு இயந்திரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஏற்றதல்ல. பின்னால் நடந்து வருபவர்மேல் அது திரும்பி அடிக்கவும் கூடும்.

குழிமேல் கம்பிப் பாலம்: வழியின் குறுக்கே குழி வெட்டி, நான்கு அங்குல இடைவெளியில் இரும்புக் குழாய்களை அடுக்குவது. சக்கரம் கடக்கும், மாடு கால் வைக்க அஞ்சும். மூடவும் திறக்கவும் ஒன்றுமில்லை. ஆனால் இரும்புச் செலவு அதிகம். ஆடுகள் சில பாய்ந்துவிடும். வண்டி மாடு கடக்காது. பக்கத்தில் இன்னொரு படலை வேண்டும். சேற்றுக்குப் பூட்டும் இரும்புச் சக்கரத்தோடு வரும் இயந்திரம் சிக்கிக்கொள்ளும். மழையில் குழாய்கள் வழுக்குவதால் சைக்கிள்காரர் விழுவார்.

வளையும் மின்கம்பிப் படலை: இரு பக்கத்திலிருந்தும் நீட்டிய வளையும் கம்பிகளில் மெல்லிய மின்துடிப்பு ஓடும். வாகனம் தள்ளிக்கொண்டு போகும், மாடு நெருங்காது. மூடிய வாகனத்தில் இருப்பவருக்குச் சரி. நம் வாகனங்களில் உடம்பெல்லாம் வெளியில் இருப்பதால் முதலில் அடிபடுவது ஓட்டுபவரே.

இவற்றைப் பார்த்தபின் கயிறும் துலாவும் சேர்ந்த முறையையே நாங்கள் தெரிவு செய்தோம். கிணற்றுத் துலாவை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவுமில்லை. ஒரு பக்கம் நீண்ட பாரம், மறு பக்கம் குறுகிய வாலில் கல். இதனைத் துலாப் படலை என்று அழைப்போம்.

4. இடத்தைத் தெரிதல்

படலைக்கு இரு புறமும் 25 அடி அளவு சமதரை இருக்கவேண்டும். இயந்திரமும் பெட்டியும் முழுதாக அதில் நிற்க வேண்டும். சரிவில் வைத்த படலை எந்த வகையானாலும் ஆபத்தே. பெருவீதி ஓரமானால் படலையை உள்ளே தள்ளி வையுங்கள். அப்போது நிற்கும் வண்டி வீதியை மறிக்காது. பொது வழியானால் பிரதேச சபையின் அனுமதியின்றி எதையும் நாட்டக் கூடாது.

திறப்பு 12 அடி இருக்கட்டும். இன்று உங்களிடம் சிறிய பெட்டி மட்டும் இருக்கலாம். நாளை அறுவடைக்குப் பெரிய வாகனம் வரலாம்.

5. அமைக்கும் முறை

வேண்டிய பொருட்கள்: எட்டடிக் கால்கள் மூன்று, ஒன்பது அல்லது பத்தடிக் கால்கள் இரண்டு, முற்றிய நேரான மூங்கில் 15 அடியில் ஒன்று, 12 அடியில் ஒன்று, சட்டங்களுக்குச் சிறு மூங்கில், ஒரு அங்குல இரும்புக் கம்பித் துண்டு, கப்பிகள் எட்டு, நைலோன் கயிறு, கட்டுக்கம்பி, கற்கள், வெள்ளைப் பூச்சு.

கால்களுக்குத் தேக்கு அல்லது கொங்கிரீட் நல்லது. காட்டு மரத்தை அனுமதியின்றி வெட்ட வேண்டாம். மிளகுக் கொடிக்கு நடும் கிளிறிசிடியாத் தடியைப் படலைக் காலாக நாட்டுவோரைக் கண்டிருக்கிறோம். வேலிக்கு அது சிறந்தது. ஆனால் அது வேர்விட்டுத் தடித்து வளைவதால் ஒரு வருடத்தில் படலை இறுகிவிடும்.

முதலாம் படி: வழியின் ஒரு பக்கத்தில் இரண்டு எட்டடிக் கால்களை ஆறு அங்குல இடைவெளியில், மூன்றடி ஆழத்தில், சோடியாக நாட்டுங்கள். நிலத்திலிருந்து நான்கடி உயரத்தில் இரண்டிலும் நேருக்கு நேர் துளையிடுங்கள். இது சுழலும் கால்.

இரண்டாம் படி: மறு பக்கத்தில் மூன்றாவது எட்டடிக் காலை நாட்டி, மேல்முனையில் ஆழமான கவர் அமையுங்கள். படலையின் முனை இந்தக் கவருக்குள் இறங்கி அமரும். மாடு பக்கவாட்டில் தள்ளினாலும் நகராது.

மூன்றாம் படி: 15 அடி மூங்கில் மேல் தடி. 12 அடி மூங்கில் கீழ்த் தடி. இரண்டையும் இரண்டரை அடி இடைவெளியில் வைத்து, இரண்டடிக்கு ஒன்றாகச் சிறு மூங்கில்களை நிறுத்திக் கட்டுங்கள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரு சாய்வுத் தடியும் வேண்டும். அது இல்லாவிட்டால் படலை தொங்கிப்போகும். மேல் தடியில் மிஞ்சும் மூன்றடியே வால். வால் தொடங்கும் இடத்தில் துளையிட்டு, இரும்புக் கம்பியை ஊடுருவச் செலுத்தி, இரட்டைக் கால்களில் பொருத்துங்கள். துளையில் கிறீஸ் தடவுங்கள்.

நான்காம் படி: பாரத்தைச் சமன் செய்யுங்கள். துலாவின் கணக்கு எளியது: பாரத்தைத் தூரத்தால் பெருக்க வேண்டும். வழிக்குக் குறுக்கே இருக்கும் பகுதி 16 கிலோ என்று கொள்வோம். அதன் பாரம் நடுவில், அதாவது 6 அடியில் நிற்கும். 16ஐ 6ஆல் பெருக்க 96. வால் தடி 3 கிலோ, அதன் நடு ஒன்றரை அடி, பெருக்க நாலரை. 96இலிருந்து நாலரையைக் கழிக்க 91.5. வால் நுனி 3 அடியில் இருப்பதால் 91.5ஐ 3ஆல் வகுக்க 30.5 கிலோ கல் இருந்தால் படலை சமனாக நிற்கும். நமக்குச் சமன் வேண்டாம்; தானே இறங்க வேண்டும். எனவே 28 கிலோ கல் வையுங்கள். அப்போது இழுக்கத் தேவையான பலம் சுமார் 3 கிலோ. கப்பிகளின் உராய்வோடு நான்கு ஐந்து கிலோ ஆகும். ஒரு வாளி தண்ணீர் அள்ளக்கூடிய எவராலும் இதை இழுக்க முடியும். தராசு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கற்களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். படலை மெதுவாக, தயங்கித் தயங்கி இறங்கும் நிலையில் நிறுத்துங்கள்.

இங்கே எங்கள் தவறொன்றைச் சொல்ல வேண்டும. முதல் படலையில் கற்களைச் சாக்கில் கட்டி வாலின் கீழே தொங்கவிட்டோம். தொடக்கத்தில் இலேசாக இருந்த படலை, உயர உயரப் பாரமாயிற்று. பெண்களால் இழுக்க முடியவில்லை. தச்சுவேலை தெரிந்த ஒரு பெரியவர் வந்து பார்த்து, "படலையின் உடம்பு அச்சுக்குக் கீழே தொங்குது. கல்லும் கீழே தொங்கினால் எப்படிச் சமனாகும்? கல்லை மேலே ஏற்றுங்கள்" என்றார். வாலின்மேல் ஒரு சிறு பெட்டி அடித்து, கற்களின் நடு அரை அடி உயரத்தில் நிற்கும்படி வைத்தோம். பிறகு தொடக்கம் முதல் முடிவு வரை பாரம் கூடவில்லை. பெட்டியை இறுக்கிக் கட்டி மேலே மூடிவிடுங்கள். கல் உருண்டு விழக் கூடாது.

ஐந்தாம் படி: கயிறு. வால் நுனியில் கட்டிய தூக்குக் கயிறுகள் இரண்டும் சுழலும் காலின் அடியிலுள்ள கப்பிகளால் வளைந்து மேலேறி, ஒன்று உள்பக்கமும் மற்றது வெளிப்பக்கமுமாக வழியோரம் செல்லட்டும். அடிக் கப்பிகள் சுழலும் காலோடு ஒட்டியே இருக்கவேண்டும். வால் நுனிக்கு நேர் கீழே வைத்தால் படலை பாதி எழுந்ததும் கயிறு எதிர்ப்புறம் இழுக்கத் தொடங்கும். வழியோரத்தில் ஒவ்வொரு பக்கமும் நெடிய கால் ஒன்றை நாட்டி, ஏழடி உயரத்தில் வழிமேல் நீண்ட ஒரு கையை அமைத்து, அதிலிருந்து பிடியைத் தொங்கவிடுங்கள். ஓட்டுபவர் இருக்கையிலிருந்து கையை உயர்த்திப் பிடித்து இடுப்பு வரை இழுக்கவேண்டும்; மூன்றரை அடி அளவு வரும்.

இந்தப் பிடிக்கால்களைப் படலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நாட்டுவது? பலரும் தவறுவது இங்கேதான். கிட்ட நாட்டினால், கடந்து போனபின் மூடும் பிடி கைக்கு எட்டும்போது பெட்டியின் பின்பாதி இன்னும் படலையின் கீழே இருக்கும். உங்கள் வாகனத்தைப் பெட்டியோடு நிறுத்தி, ஓட்டுபவர் இருக்கையிலிருந்து பெட்டியின் கடைசி வரை அளந்து, அதோடு ஐந்தடி கூட்டுங்கள். கை உழவு இயந்திரத்துக்கு 15 அடி போதும். நான்கு சக்கர இயந்திரம் வருமானால் 25 அடி வரை தேவைப்படலாம்.

ஆறாம் படி: நாக்கு. படலை எழுந்ததும் அப்படியே நிற்க வேண்டும். சுழலும் காலின் அடிப்பகுதியில் ஓர் ஆணியில் ஆடும் மரநாக்கை மாட்டுங்கள். அதன் மேல்முனை சாய்வாக இருக்கட்டும். வால் இறங்கும்போது நாக்கைத் தள்ளிக்கொண்டு போகும். போனதும் நாக்கு தன் பாரத்தால் திரும்பி வாலின்மேல் விழுந்து பிடித்துக்கொள்ளும். நாக்கிலிருந்தும் இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கயிறு செல்லும். ஆகவே ஒவ்வொரு பிடிக்காலிலும் இரண்டு பிடிகள் தொங்கும். தூக்கும் பிடிக்குச் சிவப்புத் துணியும் இறக்கும் பிடிக்கு வெள்ளைத் துணியும் கட்டுங்கள். எழுத்துத் தெரியாதவர்க்கும் புரியும். வந்து சிவப்பை இழு, கடந்து போ, வெள்ளையை இழு. இவ்வளவே.

ஏழாம் படி: எழுந்து நிற்கும் படலை சுழலும் கால் பக்கத்தில் வழியின் ஒரு பகுதியை மறிக்கும். அந்தப் பக்கத்தில் வெள்ளையடித்த கற்களை வைத்து, வாகனம் கவர்க்கால் பக்கமாகவே போகும்படி செய்யுங்கள்.

6. கவனிக்க வேண்டியவை

இரவு: நான்கடி உயரத்தில் குறுக்கே கிடக்கும் தடி, இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்துக்கும் மார்புக்கும் நேராக நிற்கும். முதல் வாரத்திலேயே ஓர் இளைஞர் அருந்தப்பில் தப்பினார். அதன்பின் எல்லாச் சட்டங்களுக்கும் வெள்ளை பூசி, ஒளி தெறிக்கும் பட்டைகளை இரு பக்கமும் ஒட்டினோம். இதைச் செய்யாமல் படலையை ஒரு இரவும் மூடி வைக்காதீர்கள்.

பிள்ளைகள்: கயிற்றில் ஆடவும் வாலில் ஏறவும் பிள்ளைகளுக்கு ஆசை வரும். கல் இருக்கும் பக்கத்தை முள்ளால் அல்லது சிறு வேலியால் அடைத்துவிடுங்கள். படலை மெதுவாக இறங்கினாலும் அதன் கீழ் எவரும் நிற்கக் கூடாது. படலை திறக்கப் பிள்ளையை வண்டியிலிருந்து இறக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். இவ்வளவு பாடுபடுவது அதற்காகவும்தான்.

நடப்பவர்: நடந்து வருபவருக்காகப் பெரிய படலையைத் தூக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஆள் மட்டும் வளைந்து நுழையக்கூடிய ஒடுங்கிய வளைவழியை விடுங்கள். மாட்டின் உடம்பு அந்த வளைவில் திரும்பாது. தலைச்சுமையோடு வருவோரையும் முதியோரையும் கேட்டு அகலத்தைத் தீர்மானியுங்கள்.

மாடு: சமன் செய்த படலையைக் கெட்டிக்கார மாடு மூக்கால் தூக்கப் பழகும். கீழ்த் தடியில் முட்கிளைகளைக் கட்டுங்கள். வாகனங்கள் எல்லாம் வந்து சேர்ந்தபின், இரவில் கவரின் குறுக்கே ஒரு முளையைச் செருகிவிடுங்கள்.

பராமரிப்பு: தும்புக் கயிறு மழையில் ஊதிக் கப்பியில் இறுகும். நைலோன் கயிறு வெயிலில் நாளடைவில் நைந்துபோகும். ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் கயிற்றை முழுதாகக் கையால் தடவிப் பாருங்கள். மூங்கில் கால்களில் கறையான் ஏறியதா என்றும் பாருங்கள்.

7. யானை நடமாடும் இடங்களில்

மேலே சொன்ன படலை மாட்டுக்கானது. எந்த மரப் படலையும் யானையை மறிக்காது. நம் நாட்டில் 2019 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டிலும் 300க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். யானையைத் தடுப்பது ஊரைச் சுற்றிய மின்வேலி. அந்த வேலியை ஒரு வழி கடக்கும் இடமே மிகவும் பலவீனமானது. எட்டு மைல் வேலி நன்றாக இருந்து, ஓரிடத்தில் படலைக் கம்பி கொளுவப்படாமல் கிடந்தால் எட்டு மைலும் வீண்.

முறையான மின்வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒரு துடிப்பாக, மிகச் சிறிய நேரமே பாய்கிறது. ஐயாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருந்தாலும் அதிர்ச்சி மட்டுமே தரும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது சட்டவிரோதம். அது யானையை மட்டுமல்ல, இருளில் தடுக்கி விழும் அயலவரையும் நம் பிள்ளையையும் கொல்லும். எவ்வளவு நட்டம் வந்தாலும் அதைச் செய்யாதீர்கள்.

மின்வேலிப் படலையில் தனியாக எந்த மாற்றமும் செய்ய வேண்டாம். வேலிக் குழுவையும் வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தரையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர்ப் பக்கம் மேலிருந்து கம்பிகளைத் தொங்கவிடும் மின்வேலியைப் பயன்படுத்துகிறார்கள். யானை தும்பிக்கையால் பிடுங்க முடியாதபடி அது ஆடும். ஆனால் அதன் கீழாக மோட்டார் சைக்கிளில் போக முடியாது. இறங்காமல் கடக்கும் வசதிக்காக மின்வேலியைப் பலவீனப்படுத்துவதைவிட, வேலியைக் கடக்கும் வழிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. ஐந்து குடும்பத்துக்கு ஐந்து படலைகள் வேண்டாம், ஒன்று போதும். அந்த ஒன்றை மாலையில் குறித்த நேரத்தில் பார்ப்பதற்கு ஒருவர் முறை வைத்துப் போகலாம். அங்கே வாகனத்தை நிறுத்தி, விளக்கை இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, சத்தம் கேட்டு, அதன் பின்பே இறங்குங்கள். தனியாக இறங்க வேண்டாம்.

பொதுப் படலைக்கு உரியவர் யார் என்ற கேள்வியும் இங்கேதான் எழுகிறது. கன்னக் கூட்டத்துக்குப் போகும்போது தண்ணீரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்து வராதீர்கள். எந்தப் படலை, யார் கயிறு மாற்றுவது, திறந்து கிடந்து பயிர் அழிந்தால் என்ன செய்வது என்பவற்றையும் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். புதிதாக வந்தவர்கள் கூட்டத்தில் பேசத் தயங்குவது உண்டு. காணி உங்கள் பெயரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பயிர் செய்கிறவருக்கு வேலியைப் பற்றிப் பேச இடமுண்டு. கமநல சேவை நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

8. முடிவாக

கொப்பியோடு இருந்த அந்த இரண்டு இளைஞர்களே பிறகு முதல் துலாப் படலைக்குக் குழி வெட்டினார்கள். மூங்கில் பழைய ஊரார் தோட்டத்திலிருந்து வந்தது. கயிறும் கப்பியும் புதியவர்கள் வாங்கினார்கள். கல்லை மேலே ஏற்றச் சொன்ன பெரியவர் முன்பு வெங்காயம் இழந்தவர்தான். படலை வந்ததால் எல்லாச் சண்டையும் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. தண்ணீர் முறையில் இன்னும் மனக்கசப்பு இருக்கிறது. ஆனால் "உன் மாடு, என் பாத்தி" என்ற பேச்சு குறைந்திருக்கிறது. கயிறு நைந்தால் எந்தப் பக்கத்தார் முதலில் கண்டாலும் முடிச்சுப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் ஊரில் அடிக்கடி திறந்து கிடக்கும் படலை எது? ஒரு நாள் இருவர் இருந்து, பெயர் எழுதாமல், கணக்கெடுத்துப் பாருங்கள். நீங்கள் நினைத்ததும் கண்டதும் ஒன்றா?

2. உங்கள் வாகனத்தில் ஓட்டுபவர் இருக்கையிலிருந்து பெட்டியின் கடைசி வரை எத்தனை அடி? பிடிக்காலை எங்கே நாட்டுவீர்கள்?

3. உங்கள் படலையின் குறுக்குப் பகுதி 20 கிலோ, வால் தடி 3 கிலோ, நீளங்கள் பாடத்தில் உள்ளபடியே என்றால், சமனாக நிற்க எத்தனை கிலோ கல் வேண்டும்? தானே இறங்க எவ்வளவு குறைப்பீர்கள்?

4. உங்கள் வீட்டில் படலை திறக்க இறங்குபவர் யார்? அவரையே கேட்டுப் பாருங்கள்: எந்த நேரத்தில், எந்த இடத்தில் அவருக்குப் பயமாக இருக்கிறது?

5. அடுத்த போகக் கூட்டத்தில் வேலியைப் பற்றி நீங்கள் எழுப்பப்போகும் ஒரு கேள்வியை இன்றே எழுதி வையுங்கள்.